ஏற்காடு எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸ்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அட்வான்ஸ் கட்டும் முன்

புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸை எடைபோட நமக்குத் தெரியும். ஏசி ஓடுகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா, கடற்கரைக்கு நடந்தே போய்விடலாமா என்று கேட்டால் முடிந்தது. இதே கேள்விகளோடு ஏற்காட்டில் காபித் தோட்டத்து விடுதி தேடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள். ஏசி அங்கே தேவைப்படாது. வண்டி நிறுத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு தெரிவது பாதி விடுதிகளுக்கு உண்டு. விளம்பரப் படத்திலும் அதைத்தான் போடுவார்கள். படத்தில் வராதவை மூன்று: தண்ணீர், ஈரம், அடுப்படியில் நிற்கும் ஆள். வாடகைக்குத் தகுந்த இடமா இல்லையா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. நம் பக்கத்திலிருந்து ஒரே காலையில் போய்ச் சேரக்கூடிய, தங்கவும் வசதி உள்ள காபி மலை இது. கடலூரானாலும் புதுச்சேரியானாலும் சேலம் ஏறத்தாழ 200 கி.மீ. அங்கிருந்து மேலே ஏறினால் ஏற்காடு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றைக்கும் அங்கே முக்கியப் பயிர். பெரும்பாலும் அரபிகா வகை, நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி.

தங்கும் இடங்களை நான்கு வகையாகப் பார்க்கலாம். ஏரியைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகளும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் ஒரு வகை. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இவை வசதி, ஆனால் தோட்டத்தின் நடுவில் தங்கிய நிறைவு கிடைக்காது. இரண்டாவது, பழைய துரைமார் பங்களாக்கள். உயர்ந்த கூரை, கனத்த சுவர், பெரிய வராந்தா என்று கம்பீரமாக இருக்கும். குளிரும் அதே அளவுக்கு இருக்கும். மூன்றாவது, எஸ்டேட்டில் ஒரு மூலையை ஒதுக்கிப் புதிதாகக் கட்டிய காட்டேஜுகள். நான்காவது, முதலாளியோ, கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரோ குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டில் இரண்டு மூன்று அறைகளை மட்டும் வாடகைக்கு விடுவது. எங்கள் முதல் தேர்வு எப்போதும் நான்காவதுதான். காரணம் பாசமோ உபசாரமோ இல்லை. அந்த வீட்டுக்காரர்களும் அதே தொட்டித் தண்ணீரில் குளிக்கிறார்கள், அதே மின்சாரத்தில் விளக்கெரிக்கிறார்கள். பம்ப் நின்றால் விருந்தாளி போன் செய்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். முதலாளி சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு வாட்ச்மேனை மட்டும் வைத்து நடத்தும் காட்டேஜில் அந்த பம்பைச் சரிசெய்ய மறுநாள் மதியம் ஆகும்.

முதலில் தண்ணீர். எஸ்டேட் வீடுகளுக்குத் தண்ணீர் பெரும்பாலும் ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ கறுப்பு ஓஸில் வருகிறது. தரைமேல் நீளமாகக் கிடக்கும் இந்த ஓஸை காட்டெருமை மிதித்தால் இணைப்பு கழன்றுவிடும். இடையில் காற்று அடைத்துக்கொண்டாலும் தொட்டி நிரம்பாது. மார்ச் முதல் மே வரை ஊற்று சுருங்கும், அதே மாதங்களில்தான் கூட்டமும் கூடும். அதனால் கோடையில் புக் செய்தால் ‘தண்ணீர் வருமா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். ‘மே மாதம் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், தொட்டி எத்தனை லிட்டர்?’ என்று கேளுங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிறோம் என்று ஒளிக்காமல் சொல்பவர் நம்பத் தகுந்தவர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று கணக்கு வைத்தால், எட்டுப் பேர் தங்கும் வீட்டுக்கு 1,000 லிட்டர் தொட்டி ஒரு நாளுக்குத்தான் வரும். தொட்டி குளியலறைக் கூரைமேலேயே உட்கார்ந்திருந்தால் ஷவரில் வேகம் இருக்காது. வாளி, மக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெந்நீரில்தான் புகார்கள் அதிகம். அதில் பெரும்பகுதி விடுதிக்காரரின் ஏமாற்று வேலையும் இல்லை, கணக்குதான். 15 லிட்டர், 2,000 வாட் கீசர் நம் ஊரில் 28 டிகிரித் தொட்டித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற 17 நிமிடம் எடுக்கும். ஏற்காட்டில் டிசம்பர் விடிகாலையில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரியில் இருக்கும். அதே கீசருக்கு 24 நிமிடம் பிடிக்கும். எஸ்டேட்டுகளுக்குப் போகும் நீண்ட மின்கம்பியின் கடைசியில் 230 வோல்ட் 180 ஆகக் குறைந்துவிட்டால் கீசரின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது, நேரம் 39 நிமிடமாக நீள்கிறது. ஒருமுறை சூடான 15 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் 27 லிட்டர் வரும். ஒருவருக்கு ஒரு வாளியும் கொஞ்சமும். நான்கு பேர் குளிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் காலையில் சண்டை வராது. முதல் ஆள் ஆறு மணிக்குக் குளிக்க, ஐந்தரைக்கே சுவிட்சைப் போடுங்கள்.

சுவரில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் மாட்டிய அறைகளை டிசம்பர், ஜனவரியில் தவிர்ப்பது நல்லது. 3,000 வாட் கீசர் 15 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்றும்போது நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் தராது. வாளி நிரம்ப 12 நிமிடம் ஆகும். சுடவில்லையே என்று குழாயை இன்னும் திறந்தால் இன்னும் குளிர்ந்துதான் வரும். குழாயைக் குறைக்க வேண்டும். இன்னொன்று: கீசரையும் ரூம் ஹீட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் 2,000 வாட் என்றால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் டிரிப்பர் விழக்கூடும். ‘கரண்ட் சரியில்லை’ என்று எழுதும் பல விமர்சனங்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான். இன்வெர்ட்டர் உண்டு என்றால் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் மட்டும். 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் கீசர் ஓடாது.

விறகு பாய்லர் வைத்திருக்கும் வீடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வெட்டிப்போட்ட காபிக் கட்டையும் சில்வர் ஓக் கிளையும் தோட்டத்திலேயே கிடைப்பதால் விறகுக்குக் குறைவிருக்காது. ஐந்து மணிக்கு மூட்டிவிட்டால் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து மணி வரை வெந்நீர் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது ஈரம். நம் ஊர் ஈரம் வேர்வையாக உடம்பில் ஒட்டும். மலை ஈரம் மெத்தையில் போய் உட்காரும். பஞ்சு மெத்தை மழை மாதங்களில் இழுத்த ஈரத்தை விடாது. மேலே சலவை செய்த விரிப்பு போட்டிருந்தாலும் இரவு பன்னிரண்டுக்கு மேல் முதுகில் சில்லிடும். அறைக்குள் போனவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். விரிப்பைத் தூக்கி, மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வையுங்கள். குளிர்ச்சியோடு பிசுபிசுப்பும் இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். கம்பளியில் ரசகற்பூர உருண்டை வாசனை தூக்கலாக அடித்தால், வெயிலில் போட்டு நெடுநாள் ஆகிவிட்டது என்று பொருள். கட்டிலுக்குப் பின்னால், அலமாரியின் உள்மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய காட்டேஜில் பின்சுவர் மண்ணை ஒட்டி இருக்கும். ஓதம் அந்தச் சுவர் வழியாகத்தான் இறங்கும். மாடி அறையோ, நான்கு பக்கமும் காற்றுப்படும் அறையோ கேளுங்கள். ஓட்டுக் கூரைக்குக் கீழே பலகைத் தட்டி அடித்திருந்தால் குளிர் குறையும். தகரக் கூரை மழை இரவில் தூங்கவிடாது. துண்டு ராத்திரியில் காயாது, ஆளுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள். மின்விசிறி இல்லாத அறைகள் உண்டு. ஏப்ரல், மே மதியங்களில் அது தேவைப்படும், கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியில் கோழி சுட்ட கரி அடுப்பை, சூடாக இருக்கட்டும் என்று அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, இருமல் வராது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தும் மலைக் குளிரில் இது ஒரே இரவில் உயிரைக் குடிக்கும். புகைபோக்கி வைத்த பழைய கணப்பு வேறு. அதிலும் புகை அறைக்குள் திரும்பினால் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும். கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்து காற்றுப்போக்கி இல்லையென்றால் அந்த அறை வேண்டாம். இந்த விஷயத்தைக் கேட்டால் சிரிக்கும் விடுதிக்காரரிடம் தங்காதீர்கள்.

மூன்றாவது அடுப்படி. எஸ்டேட் வீடுகளில் மெனு கார்டு கிடையாது. சமைப்பவர் பெரும்பாலும் வாட்ச்மேன் அல்லது மேஸ்திரி வீட்டம்மா. காலை எட்டு மணிக்குள் மதியச் சாப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும்; கறி, காய் எல்லாம் ஏற்காடு டவுனுக்கு ஆள் போய் வாங்கி வரவேண்டியவை. பதினோரு மணிக்கு நாட்டுக்கோழி கேட்டு, ஒரு மணிக்கு வரவில்லையே என்று கோபப்படுவது நியாயம் இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பும் நாட்டுக்கோழியும் நம் வீட்டைவிட நிறைய நேரம் கேட்கும், குக்கர் இல்லாமல் ஆகாது. நான்கு பேருக்கு ஒரு கிலோ கோழி போதும். தோட்டத்து மிளகை அரைத்துப் போட்ட வறுவல், ரசம், சோறு: இதற்கு மேல் கேட்காதீர்கள், இதில் அவர்கள் கைப்பக்குவம் நன்றாக இருக்கும். மீன் மட்டும் வேண்டாம். கடலூர் முதுநகர் துறைமுகத்து மீனில் வளர்ந்த நாக்குக்கு, மலையேறி வந்த ஐஸ் மீன் வருத்தத்தைத்தான் தரும்.

காபி விஷயத்தில் எங்களுக்கு உண்மையான மனத்தாங்கல் உண்டு. சுற்றிலும் காபிச் செடி நிற்க, காலையில் பால் பவுடரும் இன்ஸ்டன்ட் தூளும் கலந்து கொடுக்கும் விடுதிகள் இருக்கின்றன. தோட்டத்துக்காரர்கள் பழத்தை பல்பர் இயந்திரத்தில் தோலுரித்துக் களத்தில் காயவைத்துப் பாச்மெண்டாகவோ (உள்ளுறையோடு இருக்கும் கொட்டை), தோலோடு அப்படியே காயவைத்து உலர்ந்த செரியாகவோ, உமி நீக்கித் தரம் பிரிக்கும் கூரிங் ஒர்க்ஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வறுத்து அரைத்த தூள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புக் செய்யும்போதே ‘ஃபில்டர் காபி போடுவீர்களா, தூள் உங்கள் தோட்டத்துதா?’ என்று கேட்டால் பதிலிலேயே வீட்டின் தரம் தெரிந்துவிடும்.

தோட்டத்துத் தூளில் டிகாக்ஷன் போட்டால் நம் ஆட்கள் சொல்லும் முதல் குறை, ‘தண்ணியா இருக்கே.’ நாம் பழகியது 20, 30 சதம் சிக்கரி கலந்த தூள். கெட்டியும் கறுப்பும் சிக்கரியால் வருவது. கலவைத் தூளில் காபி 51 சதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம். மீதியைச் சிக்கரி நிரப்பலாம். சிக்கரி இல்லாத தூளுக்கு அளவைக் கூட்ட வேண்டும். நான்கு பேருக்குக் கலவைத் தூள் 40 கிராம் போடும் இடத்தில் 50 கிராம் போட்டு, 250 மி.லி. தண்ணீர் ஊற்றி, முதலில் தூள் நனையும் அளவு மட்டும் விட்டு அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். புதிதாக வறுத்த தூள் பொங்கி வாயுவை விடும். ஒரேயடியாக ஊற்றினால் நடுவில் வழி பிளந்து தண்ணீர் ஓடிவிடும். பருப்பைப் படுத்தும் அந்த 95 டிகிரி, டிகாக்ஷனுக்குச் சரியான சூடு. கொதித்தவுடன் தயங்காமல் ஊற்றலாம்.

எப்போது போவது என்பதற்குத் தோட்டத்தின் காலண்டரைப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு. வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் காலம், ஆனால் பல்பர் இரவு வரை சத்தம் போடும், தோல் புளித்த வாடை காற்றில் வரும். பல்பர் கொட்டகையிலிருந்து தள்ளி அறை கேளுங்கள். களத்தில் காயும் காபிமேல் செருப்போடு நடக்கக் கூடாது, குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். பழம் ஒன்று பறித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கிளையை ஒடித்தால் நஷ்டம். காபி முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளையில்தான் காய்க்கும். ஒடித்தது அடுத்த வருட மகசூல். பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல மணக்கும்; மூன்று நான்கு நாள்தான். முன்கூட்டியே தேதி குறிக்க முடியாது. விடுதிக்காரரின் எண்ணை வைத்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் போன் செய்வதுதான் வழி. மே மாதக் கோடை விழா நாட்களில் அறை விலையும் சாலை நெரிசலும் ஏறும். வார நாளில் போங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை நமக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. நம் கரையில் ஏறும் புயல் மேற்கே நகர்ந்து சேலத்து மலைகளில் மழையைக் கொட்டுவது உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இங்கே மழை விடுமுறை விட்டார்கள் என்று மலைக்குக் கிளம்புவது, புயலுக்குப் பின்னாலேயே வண்டி ஓட்டிப் போவதற்குச் சமம். சாலை மூடினால் அட்வான்ஸ் திரும்ப வருமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலை. கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகவோ புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகவோ சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி தாண்டி அயோத்தியாப்பட்டணம் வந்ததும் இரண்டு வழி. சேலம் நகருக்குள் போய் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறலாம். அல்லது குப்பனூர் வழியாக ஏறலாம். குப்பனூர்ப் பாதையில் நகர நெரிசல் இல்லை, நம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சுற்றும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். காலை ஐந்துக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் மேலே போய்விடலாம். ஏறும் வண்டிக்கு வழிவிடுவதுதான் மலைச்சாலை விதி. இறங்கும்போது இரண்டாம் கியர். சமவெளிப் பழக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காது. கெஸ்ட் ஹவுஸுக்கான கடைசி ஒரு கிலோமீட்டர் தார் சாலையா, கல் பாவிய பாதையா, செம்மண்ணா என்று கேளுங்கள். ஐந்து பேர் ஏறிய தாழ்வான காரில் அடி தட்டும். ஜீப் அனுப்பி அழைத்துக்கொள்கிறோம் என்றால் அதற்குத் தனிக் காசா என்பதையும் கேளுங்கள். போன் சிக்னல் தோட்டத்துக்குள் விட்டு விட்டுத்தான் வரும். கேட் பெயரைக் குறித்துக்கொண்டு, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தபின் தோட்டத்துக்குள் நடக்காதீர்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு.

பணம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதம். அதற்கு மேல் 18. இன்னமும் 12 சதம் போட்டுக் கொடுக்கும் பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, அவர் நேரடி வாடகையில் வரி சேர்க்கவும் முடியாது. அதே அறையை ஆப்பில் புக் செய்தால் வரி வரும். 3,000 ரூபாய் அறைக்கு 150 ரூபாய் வித்தியாசம். ஆப்பில் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் பேசி முடிப்பதில் தப்பில்லை, ஆனால் முதல் முறை போகும் இடத்துக்கு ஆப்பின் ரத்து வசதி கூடுதல் காசுக்குத் தகும். கூடுதல் மெத்தை, டிரைவர் படுக்க இடம், கேம்ப் ஃபயர் விறகு: மூன்றுக்கும் தனித்தனி விலை சொல்வார்கள், முதலிலேயே கேளுங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினரைக் கூட்டிப்போகும் புதுச்சேரிக் குடும்பங்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் ஆன்லைனில் பதிவு செய்தாக வேண்டும். பழக்கமில்லாத சிறிய வீடுகள் வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பும். புதுச்சேரி மதுபாட்டிலை வண்டியில் வைக்காதீர்கள். எல்லை தாண்டினால் குற்றம், வண்டியே பறிமுதலாகலாம்.

கிளம்பும்போது காபித் தூள் வாங்குவதானால் வறுத்த தேதி கேளுங்கள். தேதி சொல்ல முடியாத தூள் டவுன் கடையில் கிடைப்பதுதான். பிளான்டேஷன் ஏ, பீபெரி என்று தரம் சொல்லி விற்பவரிடம் அரைக்காத கொட்டையாக வாங்குங்கள். அரைத்த தூள் நம் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் மணம் இழந்து கட்டிதட்டும். கால் கிலோ, அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.